இரண்டு ஃப்ரெட் தூரம்

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் பாஸ் கிட்டார் வாசிப்பவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. நான் மேடையை விட்ட பிறகும் என்னை அதிலிருந்து யாரும் நீக்கவில்லை. மரியாதையா மறதியா தெரியவில்லை. தினமும் காலையில் காப்பியோடு உங்கள் கேள்விகளைப் படிக்கிறேன். நான்கு கம்பியா, ஐந்து கம்பியா? பேட்டரி போடுகிற பாஸா, போடாததா? ஆம்ப் என்கிற ஒலிபெருக்கியைச் சுமக்க வேண்டுமா, நேராக மேடையின் ஒலி மிக்சரில் சொருகினால் போதுமா? ஒருவர் ஸ்ட்ராப்பின் நிறத்தைப் பற்றிக்கூடக் கருத்துக் கேட்டிருந்தார். இத்தனை மாதத்தில் பாடுகிறவரைப் பற்றி ஒரே ஒரு கேள்வி வரவில்லை. காப்பி ஆறிப்போகிற அளவுக்கு எனக்கு எரிச்சல் வருகிறது.

உபகரணக் கேள்விகளுக்கு ஒரே மூச்சில் பதில் சொல்லிவிடுகிறேன். பேட்டரி போடுகிற பாஸ் என்றால் நிகழ்ச்சி நாள் காலையில் புதியதைப் போடுங்கள். பழையதை நாக்கில் வைத்து உயிர் இருக்கிறதா என்று பார்க்கும் விஞ்ஞானத்தை விட்டுவிடுங்கள். ஆம்ப் வாங்கினால் ஒற்றை ஆளாகப் பேருந்தில் ஏற்ற முடிந்ததை வாங்குங்கள். ஊத்தங்கரை வண்டிக் கண்டக்டர் உங்கள் இசைப் புலமைக்காக இரண்டு நிமிடம் நிறுத்தமாட்டார். பாஸின் ஒலியை இரைச்சல் இல்லாமல் மிக்சருக்கு அனுப்பும் டிஐ பெட்டி ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும். கம்பி துருப்பிடித்தால் மாற்றுங்கள். வாங்குவதென்றால் ஐந்து கம்பி பாஸையே வாங்குங்கள்.

முடிந்தது. நீங்கள் கேட்காத விஷயத்துக்கு வருகிறேன்.

பகலில் நான் ஓசூர்த் தொழிற்பேட்டையில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையின் தரக் கட்டுப்பாட்டுத் துறையில் இருந்தேன். ஒரு துளை மயிரிழை பெரிதாகிவிட்டால் அந்தப் பொருளைச் சிவப்புப் பெட்டியில் போட்டு, காரணம் எழுதி, கையெழுத்திடுவது என் வேலை. எந்தத் தவறுக்கு எந்தப் படிவம், யார் யாருக்கு நகல் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். மற்ற நேரத்தில் ஒரு மெல்லிசைக் குழுவில் பாஸ். கோயில் திருவிழா, கல்யாண வரவேற்பு, தொழிற்சாலை விழா என்று இந்தப் பக்கம் ஜவளகிரி வரைக்கும் வாசித்திருக்கிறோம். கீபோர்டு சேகர். குழுவின் உரிமையாளரும் அவரே. டிரம்ஸ் முனிராஜ். ஆண் குரலுக்கு ஒரு பாடகர். பாடகி பர்வீன்.

பர்வீன் கிருஷ்ணகிரிக்காரர். மாம்பழ சீசனில் அங்கே ஒரு மாங்கூழ் தொழிற்சாலையில் பழம் தரம் பிரிக்கும் வரிசைக்கு மேற்பார்வை, மற்ற மாதங்களில் பாட்டு. தமிழ், தெலுங்கு, கன்னடம் எதுவானாலும் தமிழ் எழுத்தில் ஒரு நீள நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு பாடுவார். ஆனேக்கல்லில் இருந்து வருகிற கன்னடக்காரர்கள், "நீங்க எந்த ஊரம்மா, மைசூர்ப் பக்கமா?" என்று கேட்பார்கள். அவர் சுருதி விலகி நான் கேட்டதில்லை. பதினெட்டு வருடம் பக்கத்தில் நின்று வாசித்தவன் சொல்கிறேன்.

நாற்பத்தைந்து வயதுக்கு மேல் குரல் இறங்கும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரு ஒத்திகையில் அவரே பேச்சை எடுத்தார்.

"சேகர், எனக்கு இனிமே ஒரு கட்டை இறக்கிக்கலாமா? மேல போறப்ப இழுக்குது."

"என்னக்கா நீங்க. ஒரிஜினல் ஸ்கேல்ல பாடுனாத்தான் ஜனங்களுக்குப் பாட்டே பிடிபடும்."

"ஜனங்க என்ன மடியில கீபோர்டு வெச்சிக்கிட்டா கேக்குறாங்க?"

முனிராஜ் சிம்பலில் ஒரு தட்டுத் தட்டினார். சேகருக்குச் சிரிப்பு வரவில்லை. "எனக்கென்னக்கா, பட்டனத் தட்டுனா ஆச்சு. பாஸ் அண்ணாவைக் கேளுங்க," என்று என் பக்கம் தள்ளிவிட்டார்.

அது உண்மைதான். கீபோர்டில் ஒரு பட்டனை இரண்டு முறை தட்டினால் திரையில் மைனஸ் இரண்டு என்று வரும். விரலைப் பழைய இடத்திலேயே அழுத்தலாம், ஒலி மட்டும் ஒரு கட்டை கீழே கேட்கும். பாஸில் அப்படிப் பட்டன் கிடையாது. கழுத்தில் குறுக்கே பதித்த ஃப்ரெட் பட்டைகளில் ஒவ்வொரு விரலும் இரண்டு தள்ளி இடம் மாற வேண்டும். அதிலும் என்னிடம் இருந்தது நான்கு கம்பி. அவர் கேட்ட சுருதியில் ஆதார நோட்டு என் கடைசிக் கம்பிக்கும் கீழே போய்விடும்.

"என் பாஸ்ல அந்த நோட்டே இல்லீங்க," என்றேன்.

"இல்லாத நோட்டை வாங்கிட்டு வாங்க சார்," என்றார் பர்வீன்.

பெங்களூரு போய் ஐந்து கம்பி பாஸ் வாங்கி வந்தேன். ஆகாது என்று சொன்னது என் சோம்பல் என்பது மூன்று வாரத்தில் தெரிந்துவிட்டது. கீழே கிடைத்த அந்த நோட்டு மார்பெலும்பில் அதிர்ந்தது. சேகரும் ஒப்புக்கொண்டார், ஆனால் ஒரு நிபந்தனையோடு. "ஃபேமிலி டே ஃபங்ஷன்ல பார்ப்போம்க்கா. செட் ஆகலைன்னா சொல்லிட்டேன், பெங்களூர்ல ஒரு பொண்ணு ரெடியா இருக்குது." அப்படியென்றால் ஒரே ஒரு நிகழ்ச்சி. அதில் சரியாக அமையாவிட்டால் பர்வீனுக்குக் குழுவில் இடமில்லை. அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் இது விளங்கியது.

குடும்ப தினம் ஒரு தொழிற்சாலையின் இரு சக்கர வாகன நிறுத்துமிடத்தில் நடந்தது. தகரக் கூரை, மதிய வெயில், பிளாஸ்டிக் நாற்காலிகள், ஐந்து மொழி பேசும் தொழிலாளர்கள், அவர்கள் வீட்டுக் குழந்தைகள். நான்காவது பாட்டு பர்வீனின் கன்னட மெலடி. முதல் நான்கு வரி வாத்தியமில்லாமல் தனிக்குரலில் வரும். பிறகு முனிராஜ் ஒரு உருட்டு உருட்ட, தாளத்தின் முதல் அடியில் எல்லோரும் சேர்ந்து விழ வேண்டும்.

எங்கள் குழுவில் ஒரு பழக்கம் உண்டு. சுருதி இறக்கினால் சேகர் இடது கையை முதுகுப் பக்கம் கொண்டுபோய் விரலைக் கீழ்நோக்கிக் காட்டுவார். இரண்டு விரல் என்றால் இரண்டு படி, அதாவது ஒரு கட்டை. அன்றும் இரண்டு விரல் காட்டினார். இறக்கிய சுருதியில் மெல்ல ஒரு நோட்டு கொடுத்தார். பர்வீன் அதைப் பிடித்துக்கொண்டு தொடங்கினார்.

என்ன பாட்டு அது! இழுப்பும் இல்லை, திணறலும் இல்லை. இறங்கிய குரலில் ஒரு கனம் சேர்ந்திருந்தது. பின்வரிசையில் நின்றிருந்த ஆனேக்கல் பையன்கள் விசிலடிக்க வாயில் வைத்த விரலை அப்படியே எடுத்துவிட்டார்கள்.

அந்த நான்கு வரி நேரத்தில் சேகர் கீபோர்டில் ஓர் எண்ணை அழுத்தினார். ஒவ்வொரு பாட்டுக்கும் வேண்டிய ஒலிகளை எண் போட்டுச் சேமித்து வைப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். சேமித்த நாளில் சுருதி எங்கே இருந்ததோ, அதுவும் சேர்ந்தே சேமிக்கப்படும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். சேகர் அந்தப் பாட்டைச் சேமித்தது பர்வீன் பழைய சுருதியில் பாடிய காலத்தில். எண்ணை அழுத்தியதும் மைனஸ் இரண்டு அழிந்து பூஜ்யம் வந்து உட்கார்ந்தது. அவர் கவனிக்கவில்லை.

முனிராஜ் உருட்டினார். முதல் அடி விழுந்தது. நான் பர்வீனின் சுருதியில், அந்தப் புதிய கம்பியில், சரியான இடத்தில் அடித்தேன். கீபோர்டு ஒரு கட்டை மேலே வந்து விழுந்தது. பல் கூசுகிற சத்தம்.

மேடையில் சுருதி சொல்லக்கூடியவர்கள் மூன்று பேர். பர்வீன் ஒரு பக்கம், சேகர் ஒரு பக்கம். மூன்றாவது ஆள் நான். அடியில் பாஸ் எங்கே நிற்கிறதோ அதுதான் பாட்டின் தரை என்று கேட்கிறவரின் காது முடிவுகட்டிவிடும். அவருக்குப் பாஸ் என்றால் என்னவென்றே தெரியாவிட்டாலும் அப்படித்தான். நான் பர்வீனோடு நின்றிருந்தால் தவறாகக் கேட்டிருப்பது கீபோர்டு. சேகர் கையை எடுத்திருப்பார், பட்டனை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு அடுத்த சுற்றில் சேர்ந்திருப்பார். கூட்டத்தில் பாதிப் பேருக்கு எதுவும் தெரிந்திருக்காது.

இவ்வளவும் எனக்கு அந்த நொடியில் தெரியும். பிறகு உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்ததல்ல. தெரிந்தேதான் இரண்டாவது அடியில் விரலை நகர்த்தினேன். இரண்டு ஃப்ரெட். மூன்று அங்குலம் இருக்கும்.

ஏன் நகர்த்தினேன்? நம் தொழிலில் மூன்று விதிகளைச் சொல்லிக் கொடுத்துக் கெடுத்து வைத்திருக்கிறார்கள். பாட்டு நடுவில் நிற்கக்கூடாது. சந்தேகம் வந்தால் கீபோர்டோடு போய்விடு. சிங்கர் அட்ஜஸ்ட் பண்ணிக்குவாங்க. முதல் இரண்டையாவது மன்னிக்கலாம். மூன்றாவதைக் கண்டுபிடித்தவன் கையில் கிடைத்தால் அவனை ஒரு கட்டை மேலே நிறுத்திப் பாட வைப்பேன். வாத்தியத்தில் ஃப்ரெட் இருக்கிறது, பட்டன் இருக்கிறது. தொண்டையில் என்ன இருக்கிறது? மூன்று வாரம் பழகிய இடத்திலிருந்து ஒரு மனுஷியை அரை நொடியில் மேலே ஏறச் சொல்வது அட்ஜஸ்ட்மென்டா?

பர்வீன் ஏறினார். பாஸும் கீபோர்டும் சேர்ந்து மேலே நிற்கும்போது அவருக்கு வேறு வழி இல்லை. பல்லவி முடிவில் உச்ச நோட்டு வருகிறது. அங்கே குரல் உடைந்தது. முன்வரிசையில் ஒரு குழந்தை சிரித்தது, பிறகு பெரியவர்களும் சிரித்தார்கள். பாட்டு முடிந்ததும் சேகர் தன் மைக்கில், "அக்கா தொண்டை இன்னிக்கி லீவு கேக்குது. ஃபேமிலி டே இல்லீங்களா!" என்றார். கைதட்டல் வந்தது. பர்வீன் மைக்கை ஸ்டாண்டில் வைத்துவிட்டு ஓரத்தில் இருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார். நான் கீபோர்டின் திரையை எட்டிப் பார்த்தேன். பூஜ்யம்.

மீதிப் பாட்டுகளை ஆண் பாடகர் பாடி முடித்தார். சாமான்களை வண்டியில் ஏற்றும்போது சேகர் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"பாத்தீங்களாண்ணா? அவங்களுக்குச் சுருதியே போயிடுச்சு. ஒரு கட்டை இல்ல, ஒம்போது கட்டை இறக்குனாலும் தேறாது."

நான் கேபிள் சுருட்டிக்கொண்டிருந்தேன். "ம்" என்றேன்.

வேலைக் காலம் முழுக்க மற்றவர் தவறுகளுக்குப் படிவம் எழுதியவன். காரணம், மூல காரணம், மீண்டும் நிகழாமல் தடுக்கும் நடவடிக்கை என்று மூன்று பத்தியாகப் பிரித்து எழுதத் தெரிந்தவன். அன்று எனக்கு வாயில் வந்தது அந்த ஓர் எழுத்து. அந்த "ம்"மை நினைத்தால் இன்றைக்கும் என்னையே அறையத் தோன்றுகிறது.

பெங்களூர்ப் பெண் வந்தாள். நன்றாகவே பாடினாள், அவளைக் குறை சொல்ல எதுவுமில்லை. ஒரு ஒத்திகையில் அதே கன்னட மெலடியை எடுத்தார்கள். "சார், ஸ்வல்ப கம்மி மாடி," என்று கொஞ்சம் இறக்கச் சொன்னாள். சேகர் பட்டனைத் தட்டினார், எண்ணை அழுத்தினார். அவள் தொடங்கியதும் கீபோர்டு மேலே வந்து விழுந்தது. அதே கோளாறு. சேகர் உடனே கையை எடுத்துவிட்டுச் சிரித்தார்.

"சாரிம்மா, மெமரி மாத்திடுச்சு. இது எப்பவும் இப்படித்தான் பண்ணும். ஒன் மினிட்."

எப்பவும் இப்படித்தான் பண்ணுமாம்! ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, இரண்டு தட்டில் சரியாகிவிட்டது.

"அன்னிக்கும் இதான் நடந்துச்சு," என்றேன்.

"என்னைக்குண்ணா?"

"ஃபேமிலி டே அன்னிக்கு. பர்வீன் சரியாத்தான் பாடுனாங்க. உன் மெஷின் பூஜ்யத்துல நின்னுச்சு. நானே பார்த்தேன்."

சேகர் பதில் சொல்வதற்குள் டிரம்ஸ் பின்னாலிருந்து முனிராஜ், "அது எனக்கு அப்பவே தெரியும்ணா," என்றார்.

"தெரிஞ்சா சொல்றதுக்கு என்னய்யா?" என்றேன்.

"நல்லா கேட்டீங்கண்ணா. சுருதிக்காரங்க நீங்க ரெண்டு பேரும் வாயத் தொறக்கல. தட்டுறவன் நான் சொன்னா எவன் நம்புவான்?"

சேகர் கீபோர்டை ஒரு துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அதில் தூசி எதுவும் இல்லை. "சரிண்ணா, மெஷின் பண்ணுன தப்பு. இப்ப என்ன, அவங்கள வரச் சொல்லுங்க. நானா வேணாம்னேன்?"

பெங்களூர்ப் பெண்தான் எங்கள் எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, "அந்த அக்கா பாட்டை நான் பாடமாட்டேன் சார்," என்று தமிழில் சொன்னாள். அந்த அறையில் முதுகெலும்பு இருந்த ஒரே ஆள்.

மறுநாளே கிருஷ்ணகிரிக்குப் பேருந்து ஏறினேன். நல்ல செய்தி கொண்டுபோகிறவனின் மிடுக்கு எனக்கு. உண்மையைச் சொல்லிவிட்டேன், அவருடைய பெயரை மீட்டுவிட்டேன் என்ற நினைப்பு. மாங்கூழ் தொழிற்சாலை வாசலில் பழ லாரிகள் வரிசையாக நின்றன. மதிய இடைவேளையில் பர்வீன் தலையில் வலைத்தொப்பியோடு வெளியே வந்தார்.

"சாப்பிட்டீங்களா சார்?"

சாப்பிட்டேன் என்று பொய் சொல்லிவிட்டு, நடந்ததையெல்லாம் சொன்னேன். மெமரி, பூஜ்யம், ஒத்திகை, முனிராஜ்.

"அது எனக்கு அன்னிக்கே தெரியும் சார். எனக்குக் கொடுத்த நோட்டு வேற, வந்து விழுந்தது வேற. இதுகூடத் தெரியாமயா இத்தனை வருஷம் பாடுனேன்?"

"அப்ப ஏங்க சும்மா இருந்தீங்க?"

"நான் சொன்னா, பாடத் தெரியாதவ மெஷின் மேல பழி போடறான்னுதான் பேச்சு வரும். மெஷின் தப்பு பண்ணும் சார். சேகர் தன் தப்ப மறைப்பாரு. அவரு சுபாவம் அது, விடுங்க. நான் ஒண்ணு கேக்கறேன். மொதல் அடி நீங்க என்கூடத்தான வாசிச்சீங்க?"

"ஆமா."

"எனக்குக் கேட்டுச்சு. சரி, சார் இருக்காரு, நம்ம தப்பில்லன்னு நெனச்சேன். அடுத்த அடிக்கு நீங்க போயிட்டீங்க." வலைத்தொப்பியைக் கழற்றி மடித்தார். "தெரியாம போயிருந்தாப் பரவாயில்ல. தெரிஞ்சு போனீங்க."

"சேகர் வரச் சொல்றாரு. வாங்க பர்வீன்," என்றேன்.

"வர்றேன். பாட்ட நான் எதுக்கு விடணும்? ஆனா பாஸுக்கு வேற ஆள் போடச் சொல்லுங்க."

விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. உள்ளே சங்கு ஊதியது. "கோவமில்ல சார். பின்னாடி நீங்க நின்னா எனக்கு ரெண்டாவது அடிக்கு மனசு காத்துக்கிட்டிருக்கும். அப்படிப் பாட முடியாது," என்று சொல்லித் தொப்பியை மாட்டிக்கொண்டு உள்ளே போனார்.

திரும்பும் பேருந்தில் அவர்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. யாருக்காக ஐந்து கம்பி வாங்கினேன்? யாருக்காக இந்த வயதில் விரல்களை மறுபடி பழக்கினேன்? சேகருக்கு மன்னிப்பு, எனக்குத் தண்டனையா? சூளகிரி வரைக்கும் மனதுக்குள் வாதாடினேன், எல்லாம் பிரமாதமான வாதங்கள். சூளகிரி தாண்டியதும் பிடிபட்டது. சேகர் தன் தவறைத் தெரியாமல் செய்தார், பிறகு மறைத்தார். நான் சரியானதைச் செய்துவிட்டு, தெரிந்தே அதை மாற்றினேன். பர்வீன் சொன்னதில் தள்ளுபடி செய்ய ஒரு வரிகூட இல்லை.

ஓசூர் வந்ததும், பர்வீன் வருவார், நான் விலகிக்கொள்கிறேன் என்று சேகரிடம் சொன்னேன். "ஒரு நோட்டுக்காகவாண்ணா?" என்றார். ஆமாம் என்றேன்.

பர்வீன் திரும்பிவிட்டார். இப்போதும் பாடுகிறார், ஒரு கட்டை இறக்கி. அவருக்குப் பின்னால் நிற்பவர் இந்த வாட்ஸ்அப் குழுவில்தான் இருக்கிறார். பெயர் சொல்லமாட்டேன், அவருக்கே தெரியும். தம்பி, உங்கள் பாஸ் என்ன மாடல் என்பதில் எனக்கு அக்கறையில்லை. சேகர் அந்தப் பாட்டை இன்னும் புதிதாகச் சேமித்திருக்கமாட்டார், அவரை எனக்குத் தெரியும். என்றைக்காவது கீபோர்டு மறுபடி மேலே வந்து விழும். அப்போது கையை நகர்த்தாதீர்கள். சேகர் திரும்பி முறைப்பார். முறைக்கட்டும். அவர் வந்து சேரும்வரை அந்த அம்மாவோடு அங்கேயே நில்லுங்கள்.